பெயர் வெட்டிய ரொட்டி

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, சப்பாத்திக்காகப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஓர் உருண்டையை யாரும் அறியாமல் எடுத்துக்கொண்டு என் மேஜையண்டை வந்த பேத்தி, காகிதங்கள் காற்றில் பறந்துவிடாதிருக்கும்பொருட்டு நான் பல வருஷங்களாக அங்கே வைத்திருக்கும் சிறு மர அச்சை எடுத்து அந்த மாவின்மேல் அழுத்தினாள். அழுத்திவிட்டுத் தலையை இப்புறமும் அப்புறமும் சாய்த்துப் பார்த்தவள், "தாத்தா, 'ச' தப்பா இருக்கே! கண்ணாடியிலே பார்க்கிற மாதிரி திரும்பிக்கிட்டிருக்கு" என்றாள். பிடியின் உச்சியில் ஒரு சேவல் நிற்க, அடியில் இடம் வலம் மாறாத ஒரு தமிழெழுத்தைச் சுமந்திருக்கும் அந்த அச்சின் பிழை அதைச் செதுக்கியவருடையதன்று, என்னுடையது. அதை ஒப்புக்கொள்ள வேண்டுமானால், இத்தாலி தேசத்தின் தென்பகுதியில், வீடு என்று நம்பி வாடகைக்குப் பிடித்து, வாசலில் போய் நின்ற பிறகே அது குகை என்று நாங்கள் தெரிந்துகொண்ட விருத்தாந்தத்தை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

எங்கள் மகன் அக்காலத்தில் ஜெர்மனியில் உத்தியோகத்தில் இருந்தான். அவனைப் பார்க்கப் போயிருந்த எங்களை, அவனுக்கு விடுமுறை கிடைக்காத ஒரு வாரத்தில், வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டாம் என்று இத்தாலிக்கு அனுப்பிவைத்தான். ஹோட்டல் அறைகள் எந்தத் தேசத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆகையால் சமையலறையோடு கூடிய ஒரு வீட்டையே நான்கு நாளைக்கு அமர்த்தியிருக்கிறேன், அம்மா ரசம் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னானே தவிர, அது எப்படிப்பட்ட வீடு என்பதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "போய்ப் பாருங்கப்பா, வித்தியாசமா இருக்கும்" என்றான். ரசம் என்ற ஒரு சொல்லிலேயே திருப்தியடைந்துவிட்ட என் மனைவி, பெட்டியின் மூலையில் புளியையும் மிளகையும் பத்திரப்படுத்திக்கொண்டாள். மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வள்ளலின் பெயரைத் தற்செயலாகத் தாங்கி நிற்கும் பாரி என்னும் துறைமுகப் பட்டணத்தில் இறங்கி, அங்கிருந்து மாத்தேரா என்ற ஊருக்குச் செல்லும் சிறு ரயிலைப் பிடித்தோம். அந்தப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 950 மில்லிமீட்டர்தான். எங்கள் தஞ்சை ஜில்லாவில் நெடுங்காலம் ஓடிப் பிறகு அகலப் பாதைக்கு இடம் கொடுத்து மறைந்த மீட்டர் கேஜ் வண்டியைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைவு. ஆகையால் அதன் ஆட்டமும் தாளமும் எனக்குப் பழக்கமானவையாகவே இருந்தன. வண்டி ஒலிவத் தோப்புகளையும், கல்லை அடுக்கி எழுப்பிய வேலிச் சுவர்களையும், அறுவடை முடிந்து கோதுமைத் தாள் மட்டும் நிற்கும் வயல்களையும் கடந்து, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் எங்களை இறக்கிவிட்டது.

முதலில் கண்ட ஊர் சாதாரணமான ஊர்தான்: அடுக்கு வீடுகள், மருந்துக் கடைகள், நிழலில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் கிழவர்கள். எங்களை எதிர்கொள்ள வந்திருந்த வீட்டுக்காரர், நாற்பதைத் தாண்டிய, ஆங்கிலத்தை நிதானமாகவும் கைகளை வேகமாகவும் உபயோகிக்கும் மனிதர். நம் ஊர் ஆட்டோவுக்கு மூத்த உறவு என்று பார்த்தவுடனே சொல்லத்தக்க ஒரு மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் எங்கள் பெட்டிகளை ஏற்றி ஒரு பையனோடு அனுப்பிவிட்டு, பெரிய சதுக்கத்தின் ஓரத்திலிருந்த வளைவு ஒன்றுக்குள் எங்களை அழைத்துச் சென்றார். வளைவைத் தாண்டியதும் தரை முடிந்துவிட்டது. நாங்கள் நின்ற நகரத்துக்குக் கீழே இன்னொரு நகரம் கிடந்தது.

சாம்பலும் சந்தனமும் குழைத்த நிறத்தில், பாறை எது, வீடு எது என்று பிரித்தறிய முடியாதபடி, ஒருவருடைய கூரை இன்னொருவருடைய வாசலாகவும், ஒரு வீட்டின் புகைபோக்கி மேல்தெருவின் நடுவே முளைத்ததாகவும், படிக்கட்டுகளே தெருக்களாகவும், சரிவு முழுவதும் இறங்கிச் சென்ற அந்தக் காட்சியை, வேலைப்பாட்டோடு செய்த ஒரு பிரம்மாண்டமான கொலுப்படி யாரோ அசைத்துவிட்டதுபோல் கலைந்து நின்றது என்று சொன்னால் ஓரளவு விளங்கலாம். நடுமேட்டின்மேல் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த பேராலயம்; அதன் இருபுறமும் சாஸ்ஸி எனப்படும் இரண்டு பழம் பேட்டைகள். அச்சொல்லுக்குக் கற்கள் என்றே பொருள். பாரி நகரத் திசையைப் பார்த்தது பாரிசானோ, மற்றது கவெயோசோ. எங்கள் வீடு இரண்டாவதில் இருந்தது. படிகளை எண்ணிக்கொண்டே இறங்கிய என் மனைவி நூற்றைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு முற்றத்தைச் சுற்றிச் சில வாசல்கள். அவற்றில் ஒன்றைத் திறந்து, "வாருங்கள்" என்று ஒதுங்கி நின்றார் வீட்டுக்காரர். முன்பக்கம் மட்டுமே கல்லால் கட்டியது. உள்ளே போகப் போகக் கட்டடம் நின்றுபோய்ப் பாறை தொடங்கியது. சுண்ணாம்புக் கல்லைக் குடைந்த ஒரே நீண்ட கூடம். சுவரில் உளி பட்ட வடுக்கள் வரிவரியாக அப்படியே இருந்தன. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே கர்ப்பக்கிருஹத்துக்குள் நுழைந்ததுபோன்ற குளிர்ச்சி. ஜன்னல் என்று ஒன்று கிடையாது, வாசற்கதவும் அதற்கு மேலிருந்த அரைவட்டத் திறப்பும் கொடுப்பதுதான் வெளிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாசனை. பொங்கலுக்கு வெள்ளையடித்த மறுநாள், சுவர் காயாத வீட்டில் பாயைப் போட்டுப் படுத்தால் வருமே, அந்த ஈரச் சுண்ணாம்பின் வாசனை. வெள்ளையடிக்கும் வழக்கம் போய் டப்பாவில் அடைத்த வர்ணங்கள் வந்துவிட்ட பிறகு நம் வீடுகளை விட்டுப் போய்விட்ட அது, ஏழு கடல் தாண்டி ஒரு பாறைக்குள் குடியிருப்பதைக் கண்டு நான் அசைவற்று நின்றேன்.

என் மனைவியின் மனம் சுண்ணாம்பில் செல்லவில்லை. கூடத்தைக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, "வனவாசம் அனுப்பறதுக்குக் கைகேயி வேணும்னு நினைச்சிருந்தேன், பெத்த பிள்ளையே அனுப்பிட்டானே!" என்றாள். வீட்டுக்காரர் அவள் வீட்டைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு தலைவணங்கினார். நானும் அவ்வெண்ணத்தைக் கலைக்கவில்லை.

கலைப்பதற்கு அவர் இடம் கொடுக்கவுமில்லை. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 1993ஆம் ஆண்டிலேயே இந்தப் பேட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது என்பதையும், கழுவுதொட்டியாக மாறியிருக்கும் கல் ஒரு காலத்தில் கோவேறு கழுதைக்குத் தீனி வைத்த தொட்டி என்பதையும் ஒரே பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டுபோனார். தரையின் நடுவே கண்ணாடி பதித்து உள்ளே விளக்கிட்ட ஒரு வட்டக் குழி இருந்தது. மழைநீரைச் சேமித்த தொட்டியாம். ஒவ்வொரு குகைக்கும், ஒவ்வொரு முற்றத்துக்கும் அப்படி ஒன்று உண்டு; சற்று முன் நாங்கள் நின்றிருந்த பெரிய சதுக்கத்தின் அடியிலேயே, ஏறக்குறைய ஐம்பது லட்சம் லிட்டர் கொள்ளக்கூடிய பலொம்பாரோ லுங்கோ என்னும் பாதாள நீர்த்தேக்கம் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்தபின் உபயோகமற்றுப் போய், ஊராராலேயே மறக்கப்பட்டு, 1991இல் சதுக்கத்தைச் செப்பனிடும்போது மறுபடி அகப்பட்டதாம். மறுநாள் அதற்குள் இறங்கி, சாந்து பூசிய அதன் உயர்ந்த சுவர்களை அண்ணாந்து பார்த்தபோது, குளம் வெட்டுவதையும் கேணி தோண்டுவதையும் தர்மமாக எண்ணிய நம்மவர்கள் இங்கே வந்திருந்தால் இவ்வூராரோடு நன்றாகச் சம்பாஷித்திருப்பார்கள் என்று தோன்றியது.

முதல் இரவு எங்களுக்குச் சரியாகத் தூக்கமில்லை. விளக்கை அணைத்ததும் கவிந்த இருள், கண்ணை மூடினாலும் திறந்தாலும் வித்தியாசம் தெரியாத இருள். சிறிது நேரத்துக்கெல்லாம் தலைக்கு மேலே யாரோ நடக்கும் ஓசை கேட்டது. எழுந்து உட்கார்ந்த என் மனைவிக்கு, எங்கள் கூரைதான் மேல்தெரு என்பதையும், நடப்பவர்கள் சாப்பாடு முடிந்து வீடு திரும்புகிறவர்கள் என்பதையும் விளக்கிச் சொன்னேன். "தெருவுக்கு அடியிலே படுக்கிறதுக்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டாள். கதவை ஒருச்சாய்த்து வைத்த பிறகே படுத்தாள். விடியற்காலையில் அந்த இடுக்கு வழியாக வெளிச்சத்தோடு கிரீச்சிடும் சப்தமும் வந்தது. முற்றத்தில் போய்ப் பார்த்தால், ஊர்க் கூரைகளில் கூடு கட்டும் சிறு வல்லூறுகள், கிராவினா என்னும் அந்த ஆழ்ந்த பள்ளத்தாக்கின்மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. எதிர்க்கரைப் பாறையிலும் கண் கண்ணாகக் குகைகள். அடுப்பில் ரசம் கொதித்தது. புளியும் பெருங்காயமும் சுண்ணாம்பு வாசனையோடு கலந்த அந்தக் கணத்தில் குகை எங்களுக்கு வீடாகிவிட்டது.

ரசத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல, அன்று காலையில் வீட்டுக்காரரும் அவருடைய தாயாரும் வந்தார்கள். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார், கறுப்பு உடையும் வெளுத்த தலையுமாக, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் ஒரு ரொட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். மாத்தேரா ரொட்டி கடினக் கோதுமையின் மஞ்சள் ரவையால் ஆனது. கொம்புபோல் வளைந்து, தடித்த மேலோட்டோடு, ஒரு வாரம் வரைக்கும் கெடாமல் இருக்கும். அதை மேஜையில் வைத்துவிட்டு, யாரும் கேளாமலே, அம்மையார் கூடத்தில் நடந்து ஒவ்வோரிடமாகச் சுட்டிக்காட்டலானார். மகன் மொழிபெயர்த்தார். இங்கே கட்டில், உயரமான கட்டில், அதன் கீழே கோழிகள். கோடியில் கோவேறு கழுதை. அதன் உடம்புச் சூட்டில்தான் குளிர்காலம் கழியும். அலமாரிப் பெட்டியின் கடைசி இழுப்பறையில் கைக்குழந்தை. இந்தக் குகையிலன்று, அடுத்த வாசலில் அவர் பிறந்தாராம். நாங்கள் எட்டிப் பார்த்தோம். கல் வைத்து அடைத்த ஒரு வாசல்; அதன் விரிசலில் காட்டு அத்திச் செடி ஒன்று முளைத்திருந்தது. "எட்டுப் பேர் பிறந்தோம், ஐந்து பேர் மிஞ்சினோம்" என்றார், இழுப்பறையைக் காட்டிய அதே குரலில்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை அந்தக் குரலுக்கு உரையாக அமைந்தன. முசோலினியின் அரசாங்கத்தால் 1935இல் இப்பிரதேசத்துக் குக்கிராமங்களுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட கார்லோ லேவி என்னும் சித்திரக்காரர், வைத்தியமும் படித்தவர். தம்மைப் பார்க்க வந்த சகோதரி வழியில் மாத்தேராவில் கண்டதை, மலேரியாவில் மெலிந்த குழந்தைகள் காசு கேளாமல் கொயினா மருந்து கேட்டுப் பின்தொடர்ந்ததை, அவர் 1945இல் வெளியான 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்ற புஸ்தகத்தில் எழுதினார். தேசம் திடுக்கிட்டது. பிரதம மந்திரி தெ காஸ்பெரி 1950இல் நேரில் வந்து பார்த்தார். மாத்தேரா தேசத்தின் அவமானம் என்று பேசப்பட்டது. 1952இல் குகைகளைக் காலி செய்யச் சட்டம் பிறந்தது. ஏறக்குறைய 15,000 பேர், சில வருஷ காலத்தில், மேட்டு நிலத்துப் புதுக் குடியிருப்புகளுக்கும், லா மர்தெல்லா என்று புதிதாக நிர்மாணிக்கப்பட்ட கிராமத்துக்கும் குடிபெயர்ந்தார்கள். திரும்பி வந்துவிடாதபடி வாசல்களை அடைத்தார்கள். பல வருஷங்கள் பாழாய்க் கிடந்தபின், 1986இல் அவற்றைச் செப்பனிட்டுக் குடியேற்ற இன்னொரு சட்டம். முதற் சட்டம் தாயாரை வெளியேற்றியது. இரண்டாவது சட்டம் மகனுக்கு நீண்ட குத்தகையும் எங்களுக்கு நான்கு நாள் வாசமும் தந்தது.

இவையெல்லாம் அறியாத என் மனைவி, அன்று காலை மரியாதையின் நிமித்தம், "வீடு ரொம்ப அழகா இருக்குன்னு அவங்ககிட்டே சொல்லச் சொல்லுங்க" என்றாள். சொல்லப்பட்டது. அம்மையார் அவளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்லிச் சிரித்தார். மகன் மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் வற்புறுத்திய பிறகு, "நான்கு நாள் தங்குவதற்கு அழகுதான் என்கிறாள்" என்றார்.

புது வீட்டுக்குப் போன முதல் நாள் குழந்தைகளெல்லாம் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்து அடி வாங்கியதை அம்மையார் அபிநயத்தோடு சொன்னார். ஜன்னல் ஒரு சொர்க்கம். ஆனால், என்று நிறுத்தி, விச்சினாத்தோ என்ற சொல்லைச் சொன்னார். ஒரு முற்றத்தைச் சூழ்ந்த குகைகளின் கூட்டுக்கு அது பெயர். ஒரே நீர்த்தொட்டியில் மொண்டவர்கள், ஒருத்தியின் குழந்தைக்கு இன்னொருத்தி பால் கொடுத்தவர்கள், அறுவடை முடிந்த ஆகஸ்டு முதல் தேதியில் வீட்டுக்கு ஒரு பிடியாகத் தானியமும் பருப்பும் போட்டுக் கிராப்பியாத்தா என்னும் கூட்டாஞ்சோற்றைப் பெரிய பானையில் காய்ச்சிக் குடித்தவர்கள், புது ஊரில் வெவ்வேறு கட்டடங்களில் சிதறிப் போனார்கள். தண்ணீர் எடுக்குமிடத்தில் நாள்தோறும் தம் தாயாரோடு சண்டை பிடித்த ஒருத்தியை, ஊரின் மறு கோடியில் விசாரித்துக் கண்டுபிடித்துப் பார்க்கப் போன தாயார், இருவருமாக அழுதுவிட்டு வந்தாராம். வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது, குழாயடி போய்விட்டது.

அன்று பகல் முழுவதும் நான் என் கிராமத்து வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பசு மாலையில் வாசல் வழியாகவே உள்ளே நுழைந்து, ரேழியையும் கூடத்தையும் கடந்து கொல்லைக்குப் போகும். வேறு வழி கிடையாது. காலேஜில் என்னோடு படித்த பட்டணத்து நண்பன் ஒருவன் வந்திருந்த அன்று, அவன் காப்பியை வாயருகில் கொண்டுபோகும் சமயத்தில் பசு எங்கள் இருவருக்கும் நடுவே சாவகாசமாக நடந்து சென்றது. அன்று எனக்கு உண்டான லஜ்ஜையில் அதன்பின் ஒருவரையும் ஊருக்கு அழைத்ததில்லை. வீட்டை விற்றபோதும் வருத்தம் தோன்றவில்லை. இப்பொழுதோ அந்தக் குளம்பொலியைக் கேட்கக் காசு கொடுக்கலாம் போலிருக்கிறது. லேவியின் வாசகர்கள் கண்ட அவமானமும் என்போன்ற யாத்திரிகர்கள் காணும் அழகும், வேண்டியபோது புறப்பட்டுப் போக வழியுள்ளவர்களின் அபிப்பிராயங்கள். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த அம்மையாரோ, மூன்று சாவையும் ஒரு முற்றத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கவில்லை.

அச்சின் கதைக்கு வருகிறேன். அக்காலத்தில் குகைகளில் ரொட்டி சுடும் அடுப்பு கிடையாது. பல வீடுகளுக்கும் பொதுவான சூளையடுப்புக்கு மாவை அனுப்புவார்கள். சுட்ட பிறகு யாருடைய ரொட்டி எது என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஒவ்வொரு குடும்பமும் மரத்தில் ஓர் அச்சு வைத்திருந்து, மாவில் தன் எழுத்தைப் பொறித்து அனுப்பியது. அம்மையார் இதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "நம்ம ஊரிலே பாத்திரத்திலே பேர் வெட்டறோமே, அந்த மாதிரி!" என்று என் மனைவி கூவிவிட்டாள். அதை நான் ஆங்கிலத்திலும், மகன் அவர்கள் மொழியிலும் சொல்ல, இரண்டு பெண்களும் அதன்பின் எங்கள் உதவியின்றியே பேசிக்கொண்டார்கள்.

புறப்படும் நாளன்று, அத்தகைய அச்சுகளைச் செய்து விற்கும் கடையில், செதுக்கும் கிழவர், வீட்டுத் தலைவரின் எழுத்து எது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி தன் பெயரின் முதலெழுத்தைச் சொல்லிவிட்டாள். தமிழெழுத்து அவருக்குத் தெரியாதே என்று, அச்சில் எழுத்து இடம் வலம் மாறியிருக்க வேண்டும் என்ற என் ஞானத்தையெல்லாம் திரட்டி, 'ச'வைத் திருப்பியே எழுதிக் கொடுத்தேன். ஆயுள் முழுவதும் அச்சு செதுக்கிய அவர், தம் தொழில் தர்மப்படி அதை இன்னொரு முறை திருப்பிச் செதுக்கிவிட்டார். மரத்தில் எழுத்து நேராக நின்றது, மாவில் திரும்பிவிட்டது.

பேத்திக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது சப்பாத்திகள் தயாராகியிருந்தன. அவள் பொறித்த எழுத்து கல்லில் போட்டவுடனே உப்பி மறைந்துவிட்டது. "எது என்னுடையதுன்னு இப்போ எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ஒரே அடுப்பு, மூன்று பேர் என்றிருக்கும் வீட்டில் அதற்கு என்ன பதில் சொல்வது? மாத்தேராவுக்கும் 2019இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரம் என்ற பட்டம் வந்து சேர்ந்தது. பொதுவான அடுப்புகள் போய், அச்சுகள் மட்டும் கடைகளில் என்னைப் போன்றவர்களுக்காகக் காத்திருக்கின்றன. நம் பாத்திரக் கடைகளிலும் பெயர் வெட்டித் தரும் அந்தச் சிறு இயந்திரத்தின் கிறீச்சொலியைக் கேட்டு நெடுநாளாயிற்று. ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போனாலல்லவா பெயர் வேண்டும்?

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் பரணிலிருந்து என் தாயாரின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவை இறக்கித் துடைத்து, நான்கு சப்பாத்தியும் குருமாவும் வைத்து, எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வருமாறு பேத்தியிடம் தந்தாள். அவர்கள் இந்த அடுக்ககத்துக்கு வந்து இரண்டு வருஷமாகிறது; இதுவரை நாங்கள் மின்தூக்கியில் புன்னகை செய்ததோடு சரி.

டப்பா போய் மூன்று நாளாகிறது. இன்னும் திரும்பி வரவில்லை. "பேர் வெட்டியிருக்கு, வரும்" என்கிறாள் என் மனைவி.